கடைவரம்பு வரை

தென்குமரிக்கு அணித்தாய் அமைந்துள்ள நாஞ்சில் நாடு நெல்வளம் சிறந்த நாடாகும். நாஞ்சில் என்னும் சொல் கலப்பையைக் குறிக்கும். பெயருக்கேற்ப, உழவே அந்நாட்டின் உயிர்த்தொழிலாய் நெடுங்காலம் விளங்கி வந்தது. இன்று வயல்கள் பல தோப்புகளாகவும் மனைகளாகவும் மாறிவிட்டன. எனினும், எஞ்சியுள்ள வயல்களில் இரு போக நெல் இன்றும் விளைகின்றது. கன்னி மாதம் எனப்படும் புரட்டாசியை ஒட்டி அறுவடையாவது கன்னிப்பூ. கும்ப மாதம் எனப்படும் மாசியை ஒட்டி அறுவடையாவது கும்பப்பூ.

ஆண்டுதோறும் ஜூன் மாதம் பிறந்ததும் அந்நாட்டு உழவர் மலையை நோக்குவர். பின்னர்த் தம் வயலருகே ஓடும் வாய்க்காலை நோக்குவர். வாய்க்காலின் தலைப்பில் உள்ளவர்க்கு நீர் விரைவில் வந்துவிடும். அதன் கோடியில் உள்ளவர்க்கோ அத்துணை உறுதியில்லை. இக்கோடிப் பகுதியைக் கடைமடை என்று சோழநாட்டார் கூறுவர். கடைவரம்பு என்று குமரி மாவட்டத்தார் கூறுவர். கடைவரம்பில் மண்வெட்டியைத் தோளில் தாங்கி, வறண்ட வாய்க்காலைப் பார்த்து நிற்கும் ஓர் உழவனை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். அவனை மறவாமல் இப்பாடத்தை இறுதி வரை படித்து வருவோம்.

அவ்வுழவனுக்கு வேண்டிய நீர் பேச்சிப்பாறையினின்று வருகின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில், கோதையாற்றின் குறுக்கே அமைந்தது பேச்சிப்பாறை அணை. அந்நிலம் திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்த காலத்தில், மன்னர் மூலம் திருநாள் ஆணையால், 1897-ஆம் ஆண்டில் அணையின் வேலை தொடங்கிற்று. 1906-ஆம் ஆண்டில் நிறைவெய்திற்று. வேலையை முன்னின்று நடத்தியவர் மிஞ்சின் என்னும் ஆங்கிலப் பொறியாளர். ஊரார் அவரை மூக்கன் துரை என்று வழங்கினர். அவர்தம் கல்லறை அணையின் அருகிலேயே இன்றும் உள்ளது.

தொடக்கத்தில் பேச்சிப்பாறை தனித்த ஓர் அணையே ஆகும். பின்னர் அது படிப்படியாகப் பெரியதோர் அமைப்பாய் வளர்ந்தது. பறளியாற்றின் குறுக்கே பெருஞ்சாணி அணை 1950-களின் தொடக்கத்தில் எழுந்தது. சிற்றாறு அணைகள் இரண்டும் அதன் பின்னர்த் தோன்றின. பேச்சிப்பாறையில் 48 அடியும், பெருஞ்சாணியில் 77 அடியும், சிற்றாறு அணைகள் ஒவ்வொன்றிலும் 18 அடியும் நீர் நிற்றலே முழுக்கொள்ளளவு என்பர். இவ்வணைகளின் நீரைப் பிரித்துக் கொண்டு செல்வதற்குப் பாண்டியன் கால், பத்மநாபபுரம் புத்தனாறு, அனந்தனாறு, தோவாளைச் சானல், நாஞ்சில் புத்தனாறு, பட்டணங்கால் எனப் பழையனவும் புதியனவுமாகிய கால்வாய்கள் பல உள்ளன. மாவட்ட எல்லையைக் கடந்து இராதாபுரம் பகுதிக்குச் செல்லும் கால்வாயும் உண்டு.

பட்டணங்கால் பறளியாற்றைக் கடக்க வேண்டிய இடத்தில் ஆறு மிகத் தாழ்ந்து ஓடுகின்றது. இருபுறமும் குன்றுகள், நடுவே பள்ளத்தாக்கு. கால்வாய் நீரைப் பள்ளத்தில் விட்டால் அது மீண்டும் குன்றேறாது. ஆதலின், ஒரு குன்றினின்று மறு குன்றுக்கு நீரைச் சுமந்து செல்லும் தொட்டிப்பாலம் ஒன்று மாத்தூரில் கட்டப்பெற்றது. 1966-ஆம் ஆண்டில் நிறைவுற்ற இப்பாலம் 115 அடி உயரமுடையது. 28 தூண்களின்மேல் நிற்பது. கீழே ஓர் ஆறு ஓட, மேலே ஒரு கால்வாய் ஓடும் காட்சியைக் காண மக்கள் பலர் வருகின்றனர். காட்சியின் அழகைக் காட்டிலும் அதன் கருத்தே நமக்கு இன்றியமையாதது. இருபுறமும் கால்வாய் செவ்வையாய் வெட்டப்பட்டிருந்தும், இடையில் இணைப்பு இல்லையேல் அப்பால் உள்ள வயலுக்கு நீரில்லை.

1970-ஆம் ஆண்டை ஒட்டி இவ்வமைப்பில் மற்றொரு துறையும் சேர்ந்தது. கோதையாற்றின் மேற்பகுதியில் நீர்மின் நிலையங்கள் இரண்டு அமைந்தன. ஒன்று 60 மெகாவாட்டும், மற்றொன்று 40 மெகாவாட்டும் ஆற்றல் உடையவை. மலையுச்சியில் தேக்கிய நீர் குழாய்களின் வழியே விழுந்து சுழலிகளைச் சுழற்றிய பின்னர்ப் பேச்சிப்பாறையை நோக்கி வருகின்றது. ஆகவே, ஒரே நீர் முதலில் விளக்கை ஏற்றுகின்றது. பின்னர் வயலை நனைக்கின்றது.

இந்நீரைச் சார்ந்து பணியாற்றுவோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். மின்துறையார் மேலணையின் நீரை ஆள்கின்றனர். நீர்வளத் துறையார் அணைகளின் மதகுகளையும் கால்வாய்களையும் காக்கின்றனர். வேளாண்மைத் துறையார் விதையும் உரமும் உரிய காலத்தில் கிடைக்கச் செய்கின்றனர். வருவாய்த் துறையார் வழக்குகளைத் தீர்த்து, ஆணைகளை நிறைவேற்றுகின்றனர். உழவர் தம் வயலுக்கான மடையைத் திறந்து அடைக்கின்றனர். இவருள் ஒவ்வொருவரும் தம் கடமையை அறிந்தவரே. ஆயினும், ஒருவர் செய்வதை மற்றவர் அறியாவிடின் என்ன நேரும்?

அணையைத் திறக்கும் நாள் குறிக்கப்பட்டும் கால்வாயில் தூர்வாரும் வேலை முடியாதிருக்கலாம். அப்பொழுது நீர் பாதி வழியிலேயே கரையை உடைத்துக்கொண்டு வீணாகும். நீர் வந்து சேர்ந்தும் விதைநெல் வாராதிருக்கலாம். அப்பொழுது நிலம் நனைந்து காத்திருக்கும். நாற்றங்கால் வெறுமையாய்க் கிடக்கும். தலைப்பில் உள்ளவர் தம் மடையை அளவுக்கு மிஞ்சித் திறந்துவைத்தால் அவர்தம் வயலில் நீர் தேங்கும். கடைவரம்பில் நாற்று கருகும். இவற்றுள் எவரும் வேண்டுமென்றே தீங்கு செய்தாரல்லர். ஆயினும் நம் உழவன் இழப்பை எய்துகின்றான்.

துறைகளின் நோக்கங்கள் ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு. அணை நிறைந்திருக்க வேண்டும் என்பது பாசனத்தின் விருப்பம். கோடையில் அந்நீரே துணையாகும். அணையில் சிறிது இடம் வெறுமையாய் இருக்க வேண்டும் என்பது வெள்ளக் காப்பின் விருப்பம். பெருமழை பெய்தால் அவ்விடமே துணையாகும். மின்தேவை மிகும் வேளையில் நீரை விட வேண்டும் என்பது மின்துறையின் விருப்பம். இவை மூன்றும் நியாயமானவையே. மூன்றையும் ஒரே அணையில் நிறைவேற்றுவது எளிதன்று.

மேலும் ஒன்று கூறுவோம். பேச்சிப்பாறைக்குக் கீழே கோதையாற்றின் போக்கில் திற்பரப்பு அருவி உள்ளது. மழைக்காலத்தில் அணையினின்று உபரிநீர் திறக்கப்படும்போது அருவியில் வெள்ளம் பெருக்கெடுக்கும். மதகைத் திறப்பவர் முன்னரே செய்தி அனுப்ப வேண்டும். அருவியைக் காப்போர் உடனே மக்களை விலக்க வேண்டும். ஒரு செய்தி காலத்தில் சேர்வதும் சேராமையும் இங்கே உயிரைப் பொறுத்த செயலாகும். ஒருங்கிணைப்பு என்பது ஏட்டில் எழுதிவைக்கும் வெறுஞ்சொல் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இத்துணைச் சிக்கலுக்கிடையே நீர் எவ்வாறு பங்கிடப்படுகின்றது? முதலாவது, அணைகளின் நீர்மட்டம் நாள்தோறும் அளக்கப்பட்டு அனைவர்க்கும் அறிவிக்கப்படுகின்றது. அடியளவு ஒன்றே, அதனை மின்துறையார்க்கு ஒன்றும் உழவர்க்கு ஒன்றுமாகக் கூறுவதில்லை. இரண்டாவது, திறக்கும் காலமும் அடைக்கும் காலமும் அரசாணையால் குறிக்கப்படுகின்றன. மூன்றாவது, நீர் குறையும் காலத்தில் இன்ன கால்வாய்க்கு இன்ன நாள் என முறைவைத்து விடப்படுகின்றது. நான்காவது, மாவட்ட ஆட்சித்தலைவர் முன்னிலையில் திங்கள்தோறும் நடைபெறும் குறைதீர்க்கும் கூட்டத்தில் உழவரும் பல துறையினரும் ஒருங்கே அமர்கின்றனர். நீர் வந்து சேரவில்லை என்று கடைவரம்பினர் அங்கே முறையிட்டால், இது என் துறையின் வேலையன்று என்று கூறி எவரும் எளிதில் எழுந்துபோக இயலாது. குறை முற்றும் நீங்கிவிட்டது என்று கூறுவதற்கில்லை. கடைவரம்பின் முறையீடு இன்றும் எழுவதுண்டு. எனினும், அம்முறையீட்டைக் கேட்கும் செவி இருக்கும் வரையில் அமைப்பு திருந்துவதற்கு வழியுண்டு.

நீர்ப்பங்கீட்டில் கண்ட இவ்வுண்மை வணிகத்திற்கும் பொருந்தும். குலசேகரம் போன்ற மலையடிச் சந்தையூர் ஒன்றில் ஒருவர் சிறியதொரு கடை வைக்கின்றார் எனக் கொள்வோம். சரக்கு வாங்குபவரும் அவரே, விற்பவரும் அவரே, கணக்கு எழுதுபவரும் அவரே. வாடிக்கையாளர் ஒருவர் வந்து, "நேற்றுக் கொண்டுபோன அரிசியில் கல் மிகுதி" என்றால், அச்சொல் உடனே கொள்முதல் செய்பவர் செவியில் விழுகின்றது. அடுத்த முறை அவர் வேறு இடத்தில் அரிசி வாங்குவார். இங்கே ஒருங்கிணைப்பு என்று தனியே ஒன்று வேண்டியதில்லை. ஒரே தலைக்குள் எல்லாத் துறைகளும் அடங்கியுள்ளன.

கடை வளர்கின்றது. நான்கு ஊர்களில் கிளைகள் தோன்றுகின்றன. கொள்முதலுக்கு ஒருவர், பண்டகசாலைக்கு ஒருவர், விற்பனைக்கு ஒருவர், வண்டிகளுக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர் அமர்த்தப்படுகின்றனர். இனி, கல்லைப்பற்றிய முறையீடு விற்பனையாளர் செவியோடு நின்றுவிடலாம். கொள்முதல் செய்பவர் மலிவான விலையைக் கண்டு அதே அரிசியை மீண்டும் வாங்கலாம். வளர்ச்சியினால் வலிமை பெருகிற்று. ஆயின் செவிக்கும் கைக்கும் இடையே தொலைவும் பெருகிற்று. வளரும் நிறுவனங்கள் பலவற்றுக்கு வரும் முதல் நோய் இதுவேயாகும்.

இந்நோயின் வேரைச் சற்று ஆராய்வோம். துறை ஒவ்வொன்றுக்கும் தன் திறமையைக் காட்ட ஓர் அளவுகோல் உண்டு. சரக்கு குறைவாய்த் தேங்கினால் பண்டகசாலைக்குப் பெருமை. ஆணைகள் மிகுதியாய் வந்தால் விற்பனைத் துறைக்குப் பெருமை. வண்டி நிறையச் சுமையேற்றி ஓடினால் போக்குவரத்துத் துறைக்குப் பெருமை. கடன் கொடாதிருந்தால் கணக்குத் துறைக்குப் பெருமை. விற்பனையாளர் நாளையே அனுப்புவதாக வாக்களிக்கின்றார்; பண்டகசாலையில் சரக்கில்லை; சரக்கு வந்தபின், வண்டி நிறையும் வரையில் அது காத்திருக்கின்றது; வண்டி நிறைந்தபின், பழைய பாக்கி தீரவில்லை என்று கணக்கர் தடுக்கின்றார். நால்வரும் தத்தம் அளவுகோலில் வெற்றி பெற்றனர். வாடிக்கையாளர் மட்டும் வெறுங்கையோடு நிற்கின்றார். அவரே வணிகத்தின் கடைவரம்பு உழவர் ஆவார்.

இந்நோய்க்கு இடங்கொடாமல் தொழிலை வளர்த்த ஒருவர் வரலாற்றை இனிக் காண்போம். நாஞ்சில் நாட்டுக்கு அரணாய் நிற்கும் மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில், திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ளது திருக்குறுங்குடி. 1877-ஆம் ஆண்டில் அவ்வூரில் பிறந்தவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். வழக்கறிஞராகவும், புகைவண்டித் துறையிலும், வங்கியிலும் பணியாற்றிய பின்னர், அடிமைத் தொழில் வேண்டாவென அவற்றை விடுத்து, 1911-ஆம் ஆண்டில் மதுரையில் சொந்தத் தொழிலை நிறுவினார். தென்னாட்டுச் சாலைகளில் மாட்டுவண்டிகளும் குதிரைவண்டிகளுமே மிகுந்திருந்த காலம் அது. அந்நாளில் அவர் பேருந்து நடத்தத் துணிந்தார்.

பேருந்தை வாங்குவது எளிது. குறித்த நேரத்தில் நாள்தோறும் ஓட்டுவது அரிது. ஆள் சேரும் வரையில் வண்டியை நிறுத்திவைத்து, நிறைந்தபின் புறப்படுவதே அந்நாளில் வண்டிக்காரர் வழக்கம். சுந்தரம் ஐயங்காரின் பேருந்துகளோ கால அட்டவணைப்படி ஓடின. பயணிகளுக்குச் சீட்டு வழங்கும் முறையும் அவற்றில் இருந்தது. அப்பேருந்து வருவதைக் கண்டு மக்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வர் என்று கூறும் அளவுக்கு அவை புகழ்பெற்றன.

இந்நேர ஒழுங்கு ஓட்டுநரின் திறமையால் மட்டும் வாய்த்ததன்று. சாலையில் மாடு, குதிரை ஆகியவற்றின் லாட ஆணிகள் சிதறிக் கிடக்கும். அவை பேருந்தின் சக்கரத்தில் தைத்தால் காற்று இறங்கிவிடும். வண்டி நடுவழியில் நிற்கும். ஓட்டுநர் குற்றமற்றவர், பணிமனையும் குற்றமற்றது, ஆயினும் பயணி நேரத்தில் போய்ச் சேரமாட்டார். சுந்தரம் ஐயங்கார் இதற்கு ஒரு வழி கண்டார். காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை முதற்பேருந்துக்கு முன்னே சாலையில் செல்லவிட்டார். அது ஆணிகளைக் கவர்ந்து சாலையைத் துப்புரவாக்கிற்று. பின்னால் பேருந்து இடையூறின்றி ஓடிற்று. சாலை தம்முடையதன்று, ஆணி தாம் இட்டதன்று என்று அவர் வாளாவிருக்கவில்லை. பயணியின் பார்வையில் நின்று தொழிலை நோக்கியமையால், எவர் துறையிலும் சேராத அவ்வேலையும் அவர் கண்ணுக்குப் புலனாயிற்று. ஒருங்கிணைப்பின் உயிர்நிலை இதுவே. துறைகளுக்குள் உள்ள வேலைகளைக் காண்பது எளிது; துறைகளுக்கு இடையே உள்ள வேலைகளைக் காண்பதற்கே தனிக்கண் வேண்டும்.

பேருந்துகள் பெருகவே, அவற்றைப் பழுதுபார்க்கும் பணிமனை வேண்டியதாயிற்று. பணிமனைக்கு உதிரிப்பாகங்கள் வேண்டியவாயின. உருளைகள் தேயவே, அவற்றைப் புதுப்பிக்கும் ஆலையும் எழுந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்பொழுது, கரியினின்று உண்டாகும் வாயுவால் வண்டிகளை ஓட்டும் கருவியை அந்நிறுவனம் செய்து அளித்தது. மோட்டார் வண்டிகளை விற்கும் பிரிவு, அவற்றை வாங்குவோர்க்குத் தவணைக்கடன் அளிக்கும் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனம் ஆகியனவும் தோன்றின. பின்னது 1954-ஆம் ஆண்டில் அவர்தம் மைந்தர் டி. எஸ். சந்தானத்தால் நிறுவப்பட்டது. இவ்வளர்ச்சியில் ஓர் ஒழுங்கு இருத்தலைக் காணலாம். பேருந்து ஓட வேண்டும், வண்டி வாங்கியவர் அல்லலுறக் கூடாது என்னும் தேவைகளினின்றே புதுத்துறைகள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கிளைத்தன. பேச்சிப்பாறையைத் தொடர்ந்து பெருஞ்சாணியும் தொட்டிப்பாலமும் எழுந்ததை இஃது ஒக்கும். சுந்தரம் ஐயங்கார் 1955-ஆம் ஆண்டில் மறைந்தார். மதுரைப் பகுதியில் ஓடிய அந்நிறுவனத்தின் பேருந்துகள் பின்னர் அரசுடைமையாகி, 1972-ஆம் ஆண்டில் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தைச் சார்ந்தன. பேருந்தின் துணைத்தொழில்களாய்த் தொடங்கியவையோ மேலும் வளர்ந்தன.

அத்தொழிற்குடும்பத்தைச் சேர்ந்த சுந்தரம் கிளேட்டன் என்னும் நிறுவனம் 1962-ஆம் ஆண்டில் சென்னைப் பகுதியில் தொடங்கப்பட்டது. மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய தடைக்கருவிகளை அது செய்தது. 1998-ஆம் ஆண்டில் அதன் தடைக்கருவிப் பிரிவு, சப்பானியரின் டெமிங் பரிசைப் பெற்றது. முழுமையான தரமேம்பாட்டுக்கு அளிக்கப்படும் அப்பரிசை இந்திய நிறுவனம் ஒன்று பெற்றது அதுவே முதன்முறையாகும்.

இத்தரமேம்பாட்டு முறையின் ஆசிரியர்களுள் ஒருவர் இஷிகாவா என்னும் சப்பானியப் பொறியியல் அறிஞர். ஆலைகளில் ஒரு பிரிவார் செய்த பிழை அடுத்த பிரிவாரைத் துன்புறுத்துவதையும், இருவரும் ஒருவரையொருவர் பகைவர்போல் நோக்குவதையும் அவர் கண்டார். அடுத்த பிரிவாரைப் பகைவராகக் கருதாமல் வாடிக்கையாளராகக் கருத வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். கடையில் பொருள் வாங்க வருபவர் மட்டும் வாடிக்கையாளர் அல்லர். பண்டகசாலைக்குப் பணிமனை வாடிக்கையாளர். பணிமனைக்கு ஓட்டுநர் வாடிக்கையாளர். ஓட்டுநருக்குப் பயணி வாடிக்கையாளர். ஒவ்வொருவரும் தம்மை அடுத்து நிற்பவர் என்ன வேண்டி நிற்கின்றார் எனக் கேட்டறிந்து பணியாற்றினால், கோடியில் நிற்பவர்க்கும் நன்மை தானே சென்று சேரும். அடுத்த மடைக்கு நீர் போயிற்றா என்று ஒவ்வொரு மடையினரும் பார்த்துக்கொண்டால், கடைவரம்பில் வறட்சி ஏது?

இதுகாறும் கூறியவற்றினின்று, வளரும் தொழிலை ஒருங்கிணைக்கும் வழிகளைத் தொகுத்துரைக்கலாம்.

அனைத்துத் துறைகளுக்கும் பொதுவான கணக்கு ஒன்று வேண்டும். பண்டகசாலையின் ஏட்டில் பத்து மூட்டை, விற்பனைத் துறையின் ஏட்டில் பதினைந்து மூட்டை என்றிருந்தால் வாக்குப் பொய்க்கும். இன்று கணிப்பொறியின் துணையால் ஒரு கிளையில் விற்ற பொருளின் கணக்கு மறுநொடியே எல்லாக் கிளைகளிலும் தெரிகின்றது. ஆயினும், பிழையான எண்ணை உள்ளிட்டால் கணிப்பொறி அப்பிழையையே விரைவாய்ப் பரப்பும். அணையின் அடியளவைக் குறிப்பவரின் நேர்மையே எல்லாக் கணக்குக்கும் அடிப்படையாகும்.

பொதுவான காலவரையறை வேண்டும். ஒவ்வொரு துறையும் தன் வேலையை எப்பொழுது முடிக்கும் என்பதை மற்றத் துறைகள் அறிந்திருத்தல் வேண்டும். வாக்களிப்பவர், வாக்கை நிறைவேற்றுவோரைக் கலந்த பின்னரே வாக்களிக்க வேண்டும்.

இரு துறைகள் சந்திக்கும் இடத்திற்குப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். சரக்கு கொடுத்தவரும் பெற்றவரும் கைமாறும் நேரத்திலேயே அளவையும் தரத்தையும் ஒத்துக்கொள்ளல் வேண்டும். இல்லையேல் குறை அவ்விடைவெளியில் விழுந்து மறையும். மாத்தூர்த் தொட்டிப்பாலம் போன்ற இணைப்பு ஒவ்வோர் இடைவெளியிலும் அமைதல் நன்று.

எல்லாவற்றிற்கும் மேலாக, வெற்றியை அளக்கும் அளவுகோல் ஒன்றாய் இருத்தல் வேண்டும். அணை நிறைந்தது பெருமையன்று. கால்வாய் நீண்டது பெருமையன்று. கடைவரம்பில் நாற்று பிழைத்ததே பெருமை. அவ்வாறே, எங்கள் துறை பிழை செய்யவில்லை என்பது வெற்றியன்று. வாடிக்கையாளருக்கு வேண்டியது வேண்டிய காலத்தில் கிடைத்தது என்பதே வெற்றி. துறைகள் சில வேளைகளில் தம் தனிப்பெருமையைச் சிறிது விட்டுக்கொடுக்கவும் நேரும். நிறையாத வண்டியை அனுப்புவதால் போக்குவரத்துத் துறையின் செலவு கூடலாம்; ஆயினும் வாக்குக் காக்கப்பட்டால் நிறுவனத்தின் பெயர் காக்கப்படும். எத்துறை, எப்பொழுது, எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை நடுநின்று முடிவு செய்வதே தலைவரின் கடமை. அக்கடமையினின்று அவர் வழுவினால், வலிய துறை எளிய துறையை அடக்கும். தலைமடையார் நீரைக் கொள்ள, கடைவரம்பினர் வாடுவது போலாகும்.

மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் கடை வைப்பீர்கள். சிலர் ஆலைகளில் பணியாற்றுவீர்கள். சிலர் அரசு அலுவலகங்களில் அமர்வீர்கள். எப்பணியில் அமர்ந்தாலும், உங்கள் மேசையைக் கடந்து செல்லும் ஏடோ பொருளோ அடுத்து எவரிடம் செல்கின்றது, இறுதியில் எவரைச் சேர்கின்றது என்பதை எண்ணிப் பாருங்கள். இன்றே உங்கள் பள்ளி விழாவில் இதைப் பழகலாம். பந்தல் அமைப்போர், மேடை அமைப்போர், விருந்தினரை வரவேற்போர், உணவு பரிமாறுவோர் என நீங்கள் பிரிந்து பணியாற்றும்போது, கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர்க்கு மேடைப் பேச்சு கேட்கின்றதா, கடைசிப் பந்தியில் அமர்பவர்க்கு உணவு எஞ்சியுள்ளதா என்று பாருங்கள்.

தொடக்கத்தில் நாம் கண்ட உழவன் இன்னும் வரப்பில் நிற்கின்றான். மலைமேல் மின்நிலையத்தில் இருப்பவரை அவன் அறியான். மதகைத் திறந்தவர் பெயரையும் அவன் அறியான். வாய்க்காலில் முதலில் சருகுகளைத் தள்ளிக்கொண்டு கலங்கல் நீர் வருகின்றது. பின்னர்த் தெளிந்த நீர் வருகின்றது. அவன் குனிந்து, மண்வெட்டியால் மடையைத் திறக்கின்றான். பல துறையினர் ஒருமனப்பட்டுச் செய்த பணி அவ்வயலில் நிறைவெய்துகின்றது.

பயிற்சி

அருஞ்சொற்பொருள்: அணித்தாய் – அருகில், வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாதிருத்தல், வழுவுதல் – தவறுதல், பண்டகசாலை – சரக்குகளைச் சேர்த்துவைக்கும் இடம், உருளை – சக்கரம்.

வினாக்கள்

1. பேச்சிப்பாறை நீரமைப்பு படிப்படியாக வளர்ந்த வரலாற்றைக் கூறுக.
2. மாத்தூர்த் தொட்டிப்பாலம் உணர்த்தும் கருத்து யாது?
3. சிறிய கடைக்கு வேண்டாத ஒருங்கிணைப்பு, கடை வளர்ந்தபின் வேண்டியதாவது ஏன்?
4. சுந்தரம் ஐயங்கார் காந்த வண்டியை ஓடவிட்டமைக்குக் காரணம் யாது? அதனால் நாம் அறிவது என்ன?
5. உங்கள் ஊரில் பலர் பிரிந்து பணியாற்றும் ஒரு தொழிலைக் கண்டு, அதன் கடைவரம்பில் நிற்பவர் யாவர் என்பதைப்பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.